விளிம்பில் தெரியும் வெள்ளி

அமெரிக்க வங்கி ஒன்றின் கவுன்ட்டரில் பத்து டாலர் நோட்டை நீட்டி, அரை டாலர் காசாகக் கேட்டால், கையிருப்பு இருக்கும்பட்சத்தில் ஒரு ரோல் கொடுப்பார்கள். கெட்டித்தாளில் இறுகச் சுற்றிய சின்ன உருளை. உள்ளே இருபது காசு. விஷயம் தெரிந்தவர் தாளைக் கிழித்ததும் காசைக் கொட்டிக் கலைக்கமாட்டார். அடுக்கு கலையாமல் மேசையில் படுக்கப் போட்டு, விளிம்புகளை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார். ஒவ்வொரு காசின் விளிம்பிலும் நடுவாக ஒரு செம்பு நிறக் கோடு ஓடும். பத்தொன்பது காசில் அந்தக் கோடு தெளிவாகத் தெரிய, இடையில் ஒன்று மட்டும் கோடே இல்லாமல் வெளிறி நின்றால், அதை நகத்தால் நெம்பி எடுப்பார். அது வெள்ளிக் காசு. ஐம்பது சென்ட் கொடுத்து வாங்கியதில் பத்து கிராமுக்கு மேல் வெள்ளி.

இப்படித் தேடுவதை வாடிக்கையாக வைத்திருப்பவர்கள் ஒரு ரோலோடு நிற்கமாட்டார்கள். ஐம்பது ரோல் அடங்கிய பெட்டியை, அதாவது ஆயிரம் காசை, வங்கியில் சொல்லிவைத்து 500 டாலருக்கு வரவழைப்பார்கள். பெட்டி 11 கிலோவுக்கு மேல் கனக்கும். பார்த்து முடித்ததும் வெள்ளியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வேறொரு வங்கியில் கட்டிவிடுவார்கள். வாங்கிய கிளையிலேயே திருப்பிக் கட்டினால், சலித்த காசே மறுபடி கைக்கு வரும். கவுன்ட்டரில் இருப்பவரின் முகமும் சுருங்கும். சட்டப்படி இதில் தவறு ஏதும் இல்லை. ஒரு சென்ட், ஐந்து சென்ட் காசுகளை உருக்க 2006 இறுதியிலிருந்து அங்கே தடை இருக்கிறது. வெள்ளிக் காசை உருக்க இன்று தடை கிடையாது.

வியப்பு எங்கே என்றால், புழக்கத்துக்கு வெள்ளி போட்டு நாணயம் அடிப்பதை அமெரிக்கா நிறுத்தி அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. அன்றிலிருந்து எத்தனையோ கண்கள் இந்தக் காசைச் சலித்துக்கொண்டே இருக்கின்றன. இன்னும் எப்படி மிச்சம் இருக்கிறது?

அரை டாலரில் மூன்று வகை உண்டு. 1964 வரை அடித்தது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, பத்துப் பங்கு செம்பு, எடை 12.5 கிராம், அதில் வெள்ளி மட்டும் 11.25 கிராம். 1965 முதல் 1970 வரை வந்தது நூற்றுக்கு நாற்பது, 11.5 கிராம் காசில் வெள்ளி 4.6 கிராம். 1971 முதல் புழக்கத்துக்கு வந்த காசில் வெள்ளி துளியும் இல்லை. பார்வைக்கு வெள்ளை, ஆனால் அதில் கிட்டத்தட்ட 92 விழுக்காடு செம்பு. தூய செம்புத் தகட்டின் இரண்டு பக்கமும் செம்பும் நிக்கலும் கலந்த மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறார்கள். நிக்கல் கால் பங்கு சேர்ந்தாலே செம்பின் செந்நிறம் போய்விடும். முகத்தையும் முதுகையும் இப்படி மறைத்துவிடலாம். தகட்டிலிருந்து வட்டமாக வெட்டி எடுக்கும்போது விளிம்பை மறைக்க வழியில்லை. குட்டு அங்கேதான் உடைகிறது.

நாற்பது விழுக்காட்டுக் காசும் அடுக்குக் காசுதான். வெளித்தோலில் வெள்ளி எண்பது விழுக்காடு, நடுவில் ஏறக்குறைய இருபத்தொன்று. அதனால் விளிம்பில் செம்புக் கோடு சுத்தமாக இல்லாமலும் போகாது, புதுக் காசைப் போல எடுப்பாகவும் தெரியாது. சாம்பல் படிந்த மங்கிய பழுப்பாக நிற்கும். புதிதாகத் தேடுகிறவர்கள் கோட்டை விடுவது இதில்தான். சந்தேகம் வந்தால் காசைத் திருப்பி ஆண்டைப் பார்ப்பதே நல்லது.

வெள்ளி ஏன் போனது? 1960களில் அமெரிக்காவில் சில்லறைக்குக் கடும் தட்டுப்பாடு. காசு போட்டால் குளிர்பானமும் சிகரெட்டும் தரும் இயந்திரங்கள் ஊரெங்கும் பெருகின. அவை காசை விழுங்கிக்கொண்டே இருந்தன. இன்னொரு பக்கம் புகைப்படச் சுருளுக்கும் மின்கருவிகளுக்கும் வெள்ளி தேவைப்பட்டது. சுரங்கத்தில் எடுப்பதை விடச் செலவாவது அதிகம். அரசு தன் கருவூலத்து வெள்ளியை ஒரு டிராய் அவுன்ஸ் 1.29 டாலருக்கு விற்று விலையை அழுத்திப் பிடித்திருந்தது. டிராய் அவுன்ஸ் என்பது 31.1 கிராம். அந்த விலை 1.38 டாலரைத் தாண்டினால் ஒரு டாலர் பெறுமான சில்லறைக்குள் ஒரு டாலருக்கு மேல் வெள்ளி இருக்கும். அதற்குப் பிறகு எவன் அதைக் கடையில் நீட்டுவான்?

இதற்கு நடுவில் வந்தது குடியரசுத் தலைவர் கென்னடியின் தலை. 1963 நவம்பர் 22 அன்று அவர் டல்லஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாணயத்தில் அவர் உருவம் வரவேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, கால் டாலரில் இருக்கும் வாஷிங்டனை அகற்றுவதில் அவர் மனைவிக்கு விருப்பமில்லை. அரை டாலர் போதும் என்றார். அரை டாலரில் அப்போது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இருந்தார். 1948இல்தான் வந்தவர். இருபத்தைந்து ஆண்டுக்குள் உருவத்தை மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியாக வேண்டும். டிசம்பர் 30க்குள் சட்டமே வந்துவிட்டது. 1964 மார்ச் 24 அன்று புதுக் காசு வெளியானது. (ஃபிராங்க்ளின் காசின் பின்பக்கத்தில் பெரிய மணி ஒன்று இருக்கும், அதன் ஓரத்தில், ஒட்டவைத்தது போல, பொடிசாக ஒரு கழுகு. கழுகு இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் சொன்னதால் சேர்த்த கழுகு அது. பார்க்கப் பாவமாக இருக்கும்.)

கென்னடி காசு வெளியான நாளில் வாங்க வரிசை நின்றது. வாங்கியவர்கள் செலவு செய்யவில்லை. மேசை இழுப்பறையிலும் அலமாரியிலும் நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டார்கள். 1964 என்ற ஆண்டு போட்டு மட்டும் புழக்கத்துக்கு ஏறத்தாழ 43 கோடி அரை டாலர் அடித்தார்கள்; அத்தனையும் தொண்ணூறு விழுக்காடு வெள்ளி. கடைக்காரரின் கல்லாவில் பார்ப்பதே அரிது. சேகரிப்பவர்கள்தான் தட்டுப்பாட்டுக்குக் காரணம் என்று நாணயச்சாலைத் தலைவர் ஈவா ஆடம்ஸ் சினக்க, எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் எழுத்தையே 1965 முதல் 1967 வரை காசிலிருந்து நீக்கினார்கள். எழுத்தை நீக்கி என்ன பயன்? பதுக்கியவர்கள் எழுத்துக்காகவா பதுக்கினார்கள்?

1965 ஜூலை 23 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் புதிய நாணயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பத்து சென்ட், கால் டாலர் காசுகளிலிருந்து வெள்ளியை முழுதாக எடுத்துவிட்டார்கள். அரை டாலரில் மட்டும் நாற்பது விழுக்காடு தங்கியது. வெள்ளிக் காசைப் பதுக்கி லாபம் பார்க்க முடியாது, விலையை அடக்க எங்களிடம் கையிருப்பு ஏராளம் என்று ஜான்சன் அன்று உறுதி சொன்னார். இரண்டே ஆண்டில், 1967 மே மாதம், 1.29 டாலர் விலைக்கு எல்லாருக்கும் வெள்ளி விற்பதைக் கருவூலம் நிறுத்திக்கொண்டது. காசை உருக்கவும் தடை போட்டது. தடை 1969 மே வரை நீடித்தது. நல்ல காசும் மட்டக் காசும் ஒரே மதிப்பில் புழங்கினால், மக்கள் நல்லதை வைத்துக்கொண்டு மட்டத்தைத் தள்ளிவிடுவார்கள் என்று பொருளியலில் கிரெஷாம் பெயரால் ஒரு விதி உண்டு. அந்த விதிக்குப் பாடநூலில் போட இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

வெள்ளிக்குப் பதில் ஏன் நேராக செம்பு நிக்கல் கலவையிலேயே காசை அடிக்கவில்லை? ஐந்து சென்ட் காசு அப்படித்தானே இருக்கிறது? இந்த இடத்தில்தான் இயற்பியல் வருகிறது. அன்றைய விற்பனை இயந்திரங்களுக்குக் கண் கிடையாது. உள்ளே விழும் காசு ஒரு சரிவில் உருண்டு, ஒரு காந்தத்தைக் கடந்து போகும். வெள்ளியையோ செம்பையோ காந்தம் இழுக்காது. ஆனால் நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகம் காந்தப்புலத்தின் ஊடே நகரும்போது, அதற்குள் வட்ட வட்டமாக மின்னோட்டம் பிறக்கும். சுழல் மின்னோட்டம் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த மின்னோட்டம் தனக்கென்று ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, நகர்வை எதிர்க்கும். காசின் வேகம் மட்டுப்படும். வெள்ளிக் காசு மெதுவாக உருண்டு சரியான பள்ளத்தில் விழும். மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத உலோகத்தில் செய்த போலிக் காசு வேகமாகப் போய், அந்தப் பள்ளத்தைத் தாண்டி, வெளியே துப்பும் வழியில் விழும்.

செம்பு நிக்கல் கலவையின் மின்கடத்தும் திறன் தூய செம்பினுடையதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். அதில் கால் டாலர் அடித்திருந்தால் நாட்டில் இருந்த இயந்திரங்கள் எல்லாம் அரசின் காசையே கள்ளக் காசு என்று துப்பியிருக்கும். ஒஹையோவின் பாட்டெல் ஆய்வு நிறுவனத்திடம் கேட்டுப் பல உலோகங்களை அலசினார்கள். விடையாக வந்ததுதான் நடுவில் செம்பு வைத்த அடுக்கு. கடத்துத்திறனில் வெள்ளிக்கு அடுத்தது செம்பு. நடுத்தகடு மின்னோட்டத்துக்கு வெள்ளியைப் போல நடிக்கும். வெளித்தோல் கண்ணுக்கு வெள்ளியைப் போல நடிக்கும். இயந்திரம் ஏமாந்தது, இழப்பும் இல்லை. இந்த இரண்டு உலோகங்களின் நெருக்கத்தை அமெரிக்கா முன்பே ஒரு முறை பயன்படுத்தியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் செம்புக்குப் பஞ்சம் வந்தபோது, ஓக் ரிட்ஜ் என்ற ஊரில் யுரேனியத்தைப் பிரிக்கும் ராட்சதக் காந்தங்களுக்குச் சுருள் சுற்றக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கு மேல் வெள்ளியை இரவல் வாங்கினார்கள். கடைசிப் பகுதி திரும்பி வந்தது 1970இல்.

பல்பொருள் அங்காடிகளில் இன்று நிற்கும் காசு எண்ணும் இயந்திரங்கள் கூர்மையானவை. அடுக்குக் காசின் மின் இயல்பையே சரி என்று பழக்கிவைத்திருப்பதால், அசல் வெள்ளி விழுந்தால் வெளித்தட்டில் தள்ளிவிடும். அந்தத் தட்டை எட்டிப் பார்க்காமல் கடந்து போகாத மனிதர்கள் உண்டு.

இப்போது நம் கேள்விக்கு வரலாம். பத்து சென்ட்டும் கால் டாலரும் நாள்தோறும் கை மாறுகிற காசு. அவற்றில் வெள்ளி வெகு சீக்கிரம் வற்றியது. மக்கள் பொறுக்கியது ஒரு பக்கம். மத்திய ரிசர்வ் வங்கிகளே இயந்திரம் வைத்துப் பழைய வெள்ளிக் காசுகளைப் பிரித்துக் கருவூலத்துக்கு அனுப்பியது மறுபக்கம். அரை டாலரின் கதை வேறு. அது புழங்கவே இல்லை. 1965 முதல் 1970 வரை அடித்த நாற்பது விழுக்காட்டுக் காசு 80 கோடிக்கு மேல். அதையும் மக்கள் இழுப்பறைக்கே அனுப்பினார்கள். அரை டாலரைத் தேடாத பழக்கம் நாட்டுக்கே வந்துவிட்டது. சூதாட்ட விடுதிகளில் பிளாக்ஜாக் மேசையில் ஒன்றரை மடங்கு கொடுக்க அரை டாலர் வேண்டியிருந்தது; மற்ற இடங்களில் கல்லாப்பெட்டியில் அதற்கென்று ஒரு குழிகூட வைப்பதில்லை. 2002 முதல் 2020 வரை அரசு இதைப் புழக்கத்துக்கென அடிக்கவே இல்லை. சேகரிப்பவர்களுக்கு மட்டும் விற்றது.

1980 ஜனவரியில் டெக்சாஸின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் விலை அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. ஒரு பழைய அரை டாலருக்குள் பதினெட்டு டாலர் வெள்ளி. வீடு வீடாகக் காசு வெளியே வந்து உலைக்குப் போனது. அமெரிக்க வெள்ளிக் காசு உலைக்குப் போவது அது முதல் முறையும் இல்லை. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் ரூபாய் அடிக்க வெள்ளி இல்லாமல் பிரிட்டிஷ் அரசு திணறியது. 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் போட்டு 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி, அதில் கிட்டத்தட்ட 26 கோடிக் காசின் வெள்ளியைப் பிரிட்டனுக்கு விற்றது. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாயாக அது இந்தியாவுக்கு வந்தது. பரணில் அப்படி ஒரு ரூபாய் வைத்திருப்பவர், ஒருவேளை அமெரிக்க டாலரையே வைத்திருக்கலாம்.

1980இலும் உலைக்குப் போகாமல் தப்பியவை நிறைய. அவை எங்கே இருந்தனவோ அங்கேயே இருந்தன. ரோலில் இன்று கிடைக்கும் வெள்ளி, அறுபது ஆண்டுச் சலிப்பில் தப்பி வங்கியிலேயே சுற்றிக்கொண்டிருந்த மிச்சம் என்று நாம் நினைப்பது தவறு என்பது என் கணிப்பு. அதில் பெரும்பகுதி அண்மையில் வங்கிக்கு வந்தது. ஒருவர் இறந்துபோகிறார், பேரன் அவர் அலமாரியில் காசு டப்பாவைக் கண்டெடுத்து, எண்ணிச் சுருட்டி வங்கியில் கட்டுகிறான். ஒரு பையன் அப்பாவின் சேகரிப்பிலிருந்து நாலைந்தை எடுத்து மிட்டாய் வாங்குகிறான். திருடன் அவசரத்தில் முகமதிப்புக்கே மாற்றிவிட்டுப் போகிறான். இறைக்க இறைக்க ஊறும் கிணறு இது. ஊற்றுக்கண் வங்கியில் இல்லை, வீடுகளில் இருக்கிறது.

அனுபவசாலிகள் இயந்திரம் சுற்றிய ரோலை விட, வாடிக்கையாளர் தன் கையால் சுருட்டிக் கொண்டுவந்த ரோலை விரும்புவது இதனால்தான். பழைய காலத்து வங்கிப் பெயர் அச்சிட்ட மஞ்சளித்த தாளில், முனை கோணலாக மடித்த ரோல் ஒன்று கவுன்ட்டர் இழுப்பறையில் கிடந்தால் அவர்களுக்குக் கை பரபரக்கும். அதில் ஒன்று வெள்ளி என்றால் அடுத்ததும் வெள்ளியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே டப்பாவிலிருந்து வந்தவை அல்லவா. எடை போட்டுக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். இருபதும் வெள்ளி இல்லாத காசானால் ரோல் சுமார் 227 கிராம். இருபதும் பழைய வெள்ளியானால் 250. முழு ரோலைத் தராசு காட்டிக் கொடுத்துவிடும். ஒற்றைக் காசு கூட்டுவது ஒரு கிராமுக்குச் சற்றே மேல். தேய்மானமும், அடிக்கும்போதே அனுமதித்த ஏற்றத்தாழ்வும் அதை விழுங்கிவிடும். கண்தான் கதி.

நிகழ்தகவும் இங்கே பாடம் நடத்துகிறது. பெட்டிக்குச் சராசரியாக ஒரு வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அவை தற்செயலாகச் சிதறியிருந்தால், பாய்சான் பரவலின்படி நூறு பெட்டியில் சுமார் 37இல் ஒன்றுமே இருக்காது. தொடர்ந்து மூன்று பெட்டி வெறுமையாகப் போவதற்கு வாய்ப்பு ஐந்து விழுக்காடு. உண்மையில் நிலைமை இன்னும் மோசம். வெள்ளி தனித்தனியாக வருவதில்லை, குடும்பத்தோடு வருகிறது. ஒரு டப்பா ஒரே பெட்டியில் இறங்கிவிட்டால் மற்ற பெட்டிகள் அதே சராசரிக்காகப் பட்டினி கிடக்க வேண்டும். பத்துப் பெட்டி வெறுமையாகப் பார்த்தவர் கைராசியை நொந்துகொள்கிறார். பதினொன்றாவதில் முப்பது கிடைத்தவர் தன் சாமர்த்தியம் என்கிறார். இரண்டு பேருக்கும் நடந்தது ஒன்றுதான்.

காசு கணக்கு? வெள்ளி அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்தால், தொண்ணூறு விழுக்காட்டுக் காசுக்குள் பத்தே முக்கால் டாலருக்குச் சற்று மேல் இருக்கும். நாற்பது விழுக்காட்டில் நாலரைக்குச் சற்றுக் குறைவு. முதல் போவதில்லை, ஐந்நூறு டாலரும் அப்படியே திரும்பிவிடுகிறது. போவது நேரமும் பெட்ரோலும், பெட்டி சுமந்த முதுகும். பிழைப்பாக நினைத்தால் கூலி கட்டாது. வெள்ளி விலை ஏறும்போது தேடுகிறவர்கள் பெருகுகிறார்கள். வீட்டில் வைத்திருப்பவரும் உஷாராகி நேரே நகைக்கடைக்குப் போகிறார். இவர்களுக்கு வாய்ப்பது யாரும் வெள்ளியைப் பற்றிப் பேசாத நாட்கள்தான்.

ஒரே காசை மறுபடி மறுபடி பார்க்காமல் இருக்கச் சிலர் சலித்த காசில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து அனுப்புகிறார்கள். அடுத்தவர் பெட்டியைத் திறந்ததும் வண்ணப் புள்ளிகளாகத் தெரிந்தால், யாரோ முந்திக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

ஆண்டைப் பார்த்தே தேடுகிறவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். 1971க்குப் பிறகும் வெள்ளி அரை டாலர் வந்திருக்கிறது, சேகரிப்பவர்களுக்கென்று. விடுதலையின் இருநூறாம் ஆண்டுக்கு 1776-1976 என்று இரட்டை ஆண்டு போட்டு அடித்ததில், சான் ஃபிரான்சிஸ்கோவின் எஸ் எழுத்துக் காசு சிலவற்றில் நாற்பது விழுக்காடு வெள்ளி உண்டு. 1992 முதல் ஆண்டுதோறும் கண்ணாடிப் பளபளப்போடு வெள்ளியில் தனியாக அடித்து விற்கிறார்கள். அதில் 2018 வரை தொண்ணூறு விழுக்காடு, 2019 முதல் ஏறக்குறைய தூய வெள்ளி. பெட்டியோடு விலை கொடுத்து வாங்கிய அந்தக் காசை, யாரோ ஒருவரின் வாரிசு பிளாஸ்டிக் உறையை உடைத்து ஐம்பது சென்ட்டுக்குச் செலவழித்துவிடுகிறார். ஆண்டை மட்டும் பார்க்கிறவர் 1998 என்று கண்டதும் ஒதுக்கித் தள்ளுவார். விளிம்பைப் பார்க்கிறவர் எடுத்து வைத்துக்கொள்வார்.